வெனீர் பெயர்ந்த பழைய மேசைகள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற மாதம் பழைய தேக்கு நாற்காலிகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, வெனீர் எனப்படும் மெல்லிய மர ஏட்டை மேலே ஒட்டிச் செய்யப்பட்ட சாமான்களைப் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: என் பாட்டனார் ரங்கூனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த நிலைக்கண்ணாடி மேசையின் மேற்பலகையில் இரண்டு இடங்களில் மரம் கொப்புளம்போல் எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் தணிந்து, கையை எடுத்ததும் மீண்டும் எழுகிறது. முழுத் தேக்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம். வந்து பார்த்த ஆசாரி, "இது வெறும் ஒட்டு மரம், மேலே உள்ளதை இழைத்துத் தள்ளிவிட்டு மைக்கா ஒட்டிவிடலாம்" என்கிறார். அப்படியே செய்துவிடலாமா? — வாசகி, காரைக்குடி

பதில்: மைக்கா ஒட்ட வேண்டாம். 'ஒட்டு மரம்' என்று கேட்டதும் நீங்கள் மனம் தளர வேண்டியதும் இல்லை. எகிப்தில் துத்தங்காமன் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட அறைகலன்களிலேயே வெனீர் வேலை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் செய்யப்பட்ட மிக விலையுயர்ந்த மேசைகளும் பேழைகளும் வெனீர் ஒட்டியவையே. மரத்தின் கவையிலும் கணுமுண்டிலும் கிடைக்கும் அழகிய ரேகையுள்ள பகுதிகள் முழுப்பலகையாக அறுத்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் அவற்றை ஏடாகச் சீவி, அசையாத வேறொரு பலகையின்மேல் ஒட்டும் முறையைக் கைதேர்ந்த தச்சர்கள் விரும்பி மேற்கொண்டார்கள். மலிவுக்காக ஒட்டும் வழக்கம் பிற்காலத்தில், ஆலைகள் வந்த பிறகு, பெருகியது.

கொப்புளம் எழுவதற்குப் பெரும்பாலும் பசைதான் காரணம். பழைய சாமான்களில் இருப்பது, விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது இளகும். மிகவும் வறண்டால் நொறுங்கும். பூந்தொட்டியின் அடியில் கசிந்த நீரோ, சன்னல் வழியாக நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்த வெயிலோ போதும். அடிப்பலகை ஒரு விதமாகவும் மேலேடு வேறொரு விதமாகவும் விரிந்து சுருங்க, நடுவில் உள்ள பசை விட்டுவிடுகிறது. ஆனால் இளகக்கூடிய இந்தப் பசையை மீண்டும் இளக்கி ஒட்டவும் முடியும் என்பதால், உங்கள் மேசையைச் சீர்செய்யும் வழியும் அந்தக் குறையிலேயே இருக்கிறது.

முதலில் பலகை முழுவதையும் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும். விட்டுப்போன இடம் பொள்ளென்று ஒலிக்கும். கண்ணுக்கு இரண்டு கொப்புளங்கள் தெரிந்தால் காதுக்கு இன்னும் சில அகப்படக்கூடும். அவற்றின் எல்லையைச் சாக்கட்டியால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலேட்டில் பிளவு இல்லாமல், உள்ளே தூசியும் புகாமல் இருந்தால், பழைய பசையையே உயிர்ப்பிக்க முயலலாம். கொப்புளத்தின்மேல் சற்றே ஈரமான பருத்தித் துணியையும் அதன்மேல் பழுப்புக் காகிதத்தையும் வைத்து, மிதமான சூட்டில் உள்ள இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் மட்டும் வைத்து எடுங்கள். கையால் அழுத்திப் பார்த்து, தேவையானால் மறுபடியும் சில நொடிகள் வையுங்கள். ஏடு படிந்ததும் மெழுகுத்தாளைப் பரப்பி, தட்டையான மரக்கட்டையை வைத்து, அதன்மேல் அம்மியையோ கிளாம்பையோ கொண்டு பாரம் ஏற்றி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். சூடு ஆறும் வரையில் பாரம் இருப்பதுதான் முக்கியம். இஸ்திரிப் பெட்டியை எடுத்தவுடன் ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றுவதை நம்பிவிடக் கூடாது. இந்தச் சூட்டில் மேலே உள்ள அரக்குப் பாலிஷ் வெளுத்துவிடக்கூடும். அதைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அஞ்ச வேண்டாம். ஆயினும் முதலில் மேசையின் பின்னோரம் போன்ற மறைவான இடத்தில் செய்து பார்ப்பது நல்லது.

அது பலிக்காவிட்டால் கொப்புளத்தைக் கீற வேண்டும். கூரிய பிளேடால் ரேகையின் ஓட்டத்திலேயே, ரேகைக்கு நடுவே புகுந்து செல்வதுபோல் கீறினால், ஒட்டிய பிறகு கீறல் கண்ணில் படாது. குறுக்காகக் கீறிய கோடு எத்தனை பாலிஷ் போட்டாலும் மறையாது. கீறலின் வழியே வெந்நீரில் தோய்த்த மெல்லிய தகட்டுக் கத்தியை விட்டுப் பழைய பசையையும் தூசியையும் வழித்தெடுத்து, ஈரம் உலர்ந்த பிறகு, ஊசிக்குழலால் புதிய வச்சிரத்தைச் செலுத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் தடவி, மிகுந்து வெளிவரும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாரம் ஏற்றுங்கள். பாரம் வைக்கும் கட்டையை முன்கூட்டியே வெயிலில் காயவைத்துச் சூடாக்கிக்கொண்டால் பசை உறைவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, உப்புத்தாளை எவர் கையிலும் கொடுக்காமல் இருப்பது. கையால் அறுத்த பழைய வெனீர் 2 மில்லிமீட்டர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும், கனமாக இருக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எந்திரக் கத்தியால் சீவப்பட்டது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. பல வேளைகளில் 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். மின்தேய்ப்பானை வைத்து ஓரத்தில் ஒரு நிமிடம் அதிகமாகத் தேய்த்தால் அடிப்பலகை வெளியே தெரிந்துவிடும். அதன் பிறகு உண்மையிலேயே மைக்காவைத் தவிர வேறு வழியிருக்காது.

கேள்வி: வச்சிரம் காய்ச்சுவதெல்லாம் அந்தக் காலம், ஃபெவிகால் அதைவிட உறுதியானது என்று கடைக்காரர் சொல்கிறார். உறுதியான பசை இருக்கும்போது பழையதைத் தேடி அலைய வேண்டுமா? — வாசகர், சேலம்

பதில்: கடைக்காரர் சொல்வது பொய்யன்று. புதிதாகச் செய்யும் அலமாரிக்கு வெள்ளைப் பசையை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் பழைய வெனீரைப் பொறுத்தவரை அந்த உறுதியே தொல்லையாகிறது. வச்சிரத்தால் ஒட்டியதை நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் வெந்நீரும் சூடும் கொண்டு, ஏட்டைக் கிழிக்காமல் பிரித்தெடுக்க முடியும். வெள்ளைப் பசை மர நார்களுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அதை முழுவதுமாக வெளியேற்ற இயலாது. அடுத்த முறை அந்த இடத்தில் வச்சிரமும் பிடிக்காது. அது கசிந்து படிந்த இடங்கள் சாயத்தையும் பாலிஷையும் ஏற்காமல் வெளிறிய திட்டுகளாக நிற்பதையும் பலர் பார்த்திருப்பீர்கள்.

காய்ச்சுவது கடினமானதும் இல்லை. குருணையாகக் கிடைக்கும் வச்சிரத்தை அதன் எடையைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கிண்ணத்தில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக்கினால் போதும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் வலிமை போய்விடும். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மிச்சம் வைத்தது இரண்டொரு நாளில் நாறத் தொடங்கும்.

கேள்வி: அம்மாவின் சிங்கர் தையல் எந்திர மேசையின்மேல் பல ஆண்டுகள் பூச்சட்டி இருந்தது. இப்போது பலகையின் ஒரு மூலை புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. எந்திரம் நன்றாக ஓடுகிறது. மேற்பலகையை மட்டும் புதிதாக மாற்றிவிடலாமா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்ற வேண்டாம், உங்கள் பலகை பிழைக்கும். பழைய காலால் மிதிக்கும் சிங்கர் எந்திரங்களின் மேற்பலகைகள் பல, அடுக்குகளாக ஒட்டப்பட்டு, மேலே ஓக் அல்லது வால்நட் ஏடு வைக்கப்பட்டவை. வரிசை எண்ணைக் கொண்டு உங்கள் எந்திரம் உருவான ஆண்டையும் அறிந்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் நகரிலிருந்த அந்நிறுவனத்தின் பெரிய ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டதால், அங்கே செய்ததாயின் அதற்கு மேல் புதியதாக இருக்க முடியாது.

செய்ய வேண்டியதை அவசரமில்லாமல் செய்யுங்கள். எந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பலகையை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், அடியில் குச்சிகள் கொடுத்துக் கிடத்தி, சில வாரங்கள் உலரவிட வேண்டும். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பலகை வில்லாக வளைந்துவிடும். முழுவதும் உலர்ந்த பிறகு, அடுக்குகளின் இடையே உள்ள மண்ணையும் பழைய பசையையும் மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்து, உள்ளேயிருந்து வெளியே என்ற வரிசையில் ஒவ்வோர் அடுக்காகப் பசை தடவி, இருபுறமும் கெட்டியான கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத உள்ளடுக்குகளுக்கு மட்டும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். அவை மறுபடி பிரிக்கப்பட வேண்டிய தேவை அநேகமாக வராது. அன்றாடம் பயன்படும் மேசைக்கு ஈரத்தைச் சற்றுத் தாங்கும் தன்மையும் வேண்டும். மேலேட்டுக்கு மட்டும் வச்சிரம்தான்.

மூலையில் மரம் உளுத்து உதிர்ந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்து வேறு மரம் வைத்துக்கொள்ளலாம். பூச்சட்டிக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டை விற்றுச் சென்ற ஒரு குடும்பத்தாரிடம் வால்நட் வெனீர் ஒட்டிய எழுதுமேசை ஒன்றை வாங்கினேன். இழுப்பறையின் ஓரத்திலும் முன்விளிம்பிலும் ஏடு பெயர்ந்து காணாமல் போயிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் வெனீரை வாங்கி ஒட்டிப் பார்த்தால் பள்ளமாகவும் கறுப்பாகவும் தனியே தெரிகிறது. — வாசகர், உதகமண்டலம்

பதில்: பள்ளம் தெரிவதற்குக் காரணம் கனம், கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் வயது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. உங்கள் மேசையிலுள்ள பழைய ஏட்டின் கனத்தைப் பெயர்ந்த ஓரத்தில் அளந்து பார்த்து, இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம். அல்லது பழைய மரச்சாமான் கடையில் உடைந்துபோன வால்நட் சாமானின் துண்டு ஒன்றை வாங்கி, தேவையான கனத்துக்கு ஏடாக அறுத்துத் தரும்படி நல்ல ஆசாரியைக் கேட்கலாம். இரண்டாவது வழியே மேலானது. ஒட்டிய பின் பழைய மட்டத்தைவிட மயிரிழை அளவு உயர்ந்து நிற்க வேண்டும். அந்த உயரத்தைக் கூரிய சுரண்டு தகட்டால் ஒட்டிய துண்டில் மட்டும் வழித்துச் சமப்படுத்தலாம். புதிய துண்டு தாழ்ந்துவிட்டால், அதற்காகச் சுற்றியுள்ள பழைய ஏட்டைத் தேய்க்கும் ஆசை வந்துவிடும்; அது கேட்டில்தான் முடியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, எல்லா மரமும் வயதானால் கறுக்கும் என்று எண்ணுகிறோம். வால்நட் அப்படியன்று. வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழைய வால்நட் தேன் நிறத்துக்கு வெளிறிவிடும்; புதியதுதான் கருமையாக இருக்கும். ஈட்டி மரமும் வெளிச்சத்தில் வெளிறும். செர்ரி மரமோ கருக்கும். ஆகையால் உங்களுக்கு வேண்டியது கறுப்புச் சாயம் அன்று. வெளிறிய வால்நட் துண்டு. அது கிடைக்காவிட்டால் புதிய துண்டை ஒட்டுவதற்கு முன் சில வாரங்கள் வெயிலில் வைத்துப் பாருங்கள். சற்று வெளிறலாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், குறையும் நிறத்தை அரக்குப் பாலிஷில் கலந்த சாயத்தால் ஏற்ற முடியும். கருமையை அவ்வாறு குறைக்க முடியாது.

இனி வெட்டும் முறை. பெயர்ந்த இடத்தை அழகாகச் சதுரமாக்கிவிட்டுச் சதுரத் துண்டை ஒட்டுவது பலரும் செய்வது. ரேகைக்குக் குறுக்கே செல்லும் நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் இரு முனைகளும் கூராகச் சரியும் ஓடம்போன்ற வடிவிலோ, ஓரமாயின் சாய்ந்த முக்கோணமாகவோ வெட்ட வேண்டும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் குழியின் வடிவத்தைப் படியெடுத்து, ரேகையின் ஓட்டம் பொருந்தும் இடத்தைப் புதிய ஏட்டில் தேடிக் கண்டுபிடித்து, சற்றுப் பெரிதாக வெட்டிப் பின் குறைத்துக்கொண்டே வாருங்கள். இந்தத் தேடலுக்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் தகும். ஒட்டும் வேலை அரை மணியில் முடிந்துவிடும். அதே மேசையின் பின்புறத்திலிருந்தோ அடியிலிருந்தோ ஏட்டை உரித்து முன்னால் ஒட்டும் தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

கேள்வி: 1950களைச் சேர்ந்த வால்வு ரேடியோப் பெட்டி ஒன்று என்னிடம் உள்ளது. பாலிஷ் மங்கி, பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. பழைய பாலிஷை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக அரக்கு பூசலாமா? — வாசகர், மதுரை

பதில்: அது அரக்குத்தானா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் அடியில் ஒரு மூலையில் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து வைத்தால், அரக்காயின் ஒரு நிமிடத்தில் பிசுபிசுக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் யாரோ பின்னாளில் நவீனப் பூச்சு ஒன்றைப் பூசியிருக்கிறார்கள்.

உங்கள் காலத்து ரேடியோப் பெட்டிகளில் லேக்கரே அதிகம். அந்த ஆலைகளில் சாயத்தை மரத்துக்கு ஏற்றாமல் லேக்கரிலேயே கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. பெட்டியின் ஓரங்களில் நீங்கள் காணும் கரும்பட்டை பல வேளைகளில் மரத்தின் நிறமே அன்று. முழுவதும் உரித்தெடுத்தால் அந்த நிறமெல்லாம் துணியோடு வந்து, வெளிறிய சாதாரண மரம்தான் மிஞ்சும். ஆகவே உரிக்காதீர்கள். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, சற்றே ஈரமான பஞ்சால் அழுக்கை எடுத்து, தேன்மெழுகை மிகக் குறைவாகத் தடவித் தேய்த்தால், வெடிப்புகள் இருந்தாலும் பெட்டிக்குப் பொலிவு திரும்பிவிடும். அருங்காட்சியகப் பழுதுபார்ப்போர் இத்தகைய அழுக்குக்கு எச்சில் தொட்ட பஞ்சைப் பயன்படுத்துவதுண்டு. அதிலுள்ள நொதிகள் அழுக்கைக் கரைக்கின்றன. கேட்க அருவருப்பாக இருந்தாலும் நல்ல முறை அது.

தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் சிக்குப்பிடித்துத் தூசியை இழுத்துவைக்கும். சிலிக்கோன் கலந்த மெருகுத் தெளிப்புகளும் வேண்டா; பின்னாளில் எந்தப் பாலிஷும் அதன்மேல் படியாமல் வட்டவட்டமாக விலகும். மேலும், ரேடியோவின் மின்தேக்கிகளை விவரமறிந்தவர் சோதிக்கும் வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இலங்கையின் காலி நகரில் செய்ததென்று சொல்லப்படும் பழைய பெட்டி இருக்கிறது. வெளியே கருங்காலிச் சட்டத்துக்குள் முள்ளம்பன்றி முட்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டும், மூடியின் உட்புறம் பலவகை மர ஏடுகள் ஒட்டப்பட்டும் உள்ளன. சில முட்களும், தந்தத்தாலான சிறு பொட்டுகளும் விழுந்துவிட்டன. — வாசகி, கண்டி

பதில்: 19ஆம் நூற்றாண்டில் காலி வட்டாரக் கைவினைஞர்கள் இத்தகைய பெட்டிகளையும், முதிரை, கருங்காலி முதலிய பல மரங்களின் ஏடுகளை ஒரே பலகையில் பதித்த மேசைகளையும் செய்து புகழ்பெற்றார்கள். விழுந்த முட்களைத் தேடி வைத்திருந்தால், அவற்றை மிகக் குறைந்த அளவு மீன் பசையால் ஒட்டுங்கள். அது குளிர்ந்த நிலையிலேயே நீர்மமாக இருப்பதால் சூடு தேவைப்படாது. தந்தத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். தந்த வாணிகம் சட்டத்துக்குப் புறம்பானது. மாட்டெலும்பில் கடைந்த பொட்டு கண்ணுக்கு அதேபோல் இருக்கும். பெட்டியை வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அதில் தந்தம் இருப்பதைச் சுங்க விதிகளோடு முதலிலேயே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்; அனுமதியின்றி அனுப்பினால் பறிமுதல் ஆகலாம்.

கேள்வி: மேசையில் காப்பித் தம்ளர் வைத்த வெள்ளை வளையம் போகவில்லை. — வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெள்ளை வளையம் பாலிஷில் மட்டும் ஏறிய ஈரம். சில வாரங்கள் விட்டால் தானே மங்குவதுண்டு. மங்காவிட்டால் பிழிந்து ஏறத்தாழ உலர்ந்த ஸ்பிரிட் துணியால் ஒருமுறை வீசித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். கறுப்பு வளையமாயின் ஈரம் மரத்துக்கே இறங்கி, இரும்போடு சேர்ந்து கறையாகிவிட்டது. அதை நீக்க ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். அது நஞ்சு, பாலிஷை உரித்த பிறகே வேலை செய்யும், பின்னர் நீரால் கழுவவும் வேண்டும். வெனீரின்மேல் இவ்வளவையும் செய்வதைவிட அந்த இடத்தில் ஒரு விரிப்பைப் போடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: வெனீர் அலமாரியில் குண்டூசித் தலையளவு துளைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் உள்ளன. மண்ணெண்ணெய் ஊற்றலாமா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். மண்ணெண்ணெய் பாலிஷைக் கறைப்படுத்தும். மரத்தில் தங்கிவிட்டால் பின்னர் பசையும் பிடிக்காது. துளைகளின் கீழே கறுப்புத் தாளை வைத்து ஒரு மாதம் கவனியுங்கள். புதிய தூள் விழாவிட்டால் வண்டு எப்போதோ வெளியேறிவிட்டது. துளையை நிறம் சேர்த்த மெழுகால் அடைத்துவிடலாம். புதிய தூள் விழுந்தால், பாலிஷ் இல்லாத உட்புறத்திலும் பின்புறத்திலும் போரான் கலந்த கரைசலைப் பூச வேண்டும். பாலிஷ் உள்ள பக்கத்தில் அது இறங்காது. தாக்குதல் பரவியிருந்தால் புகையூட்டும் பணியாளர்களை அழைப்பதே முறை. வண்டு பெரும்பாலும் விரும்பித் தின்பது மாவுச்சத்துள்ள வெள்ளை மரத்தையே என்பதால், மேலேடு நன்றாக இருந்தும் அடிப்பலகை பொள்ளலாகியிருக்கக்கூடும். அலமாரியை நகர்த்தும்போது தூக்குங்கள், இழுக்காதீர்கள்.

கேள்வி: பழைய அலமாரிக்கு வெனீரெல்லாம் ஒட்டி முடித்து, ஐப்பசியில் பிரெஞ்சு பாலிஷ் போட்டோம். காய்ந்ததும் மேலே வெண்புகை படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. பாலிஷ் போட்டவர் மருந்து சரியில்லை என்கிறார். — வாசகி, சென்னை

பதில்: மருந்தின்மேல் இரண்டு வகையில் ஐயம் கொள்ளலாம். பிரெஞ்சு என்று பெயர் இருந்தாலும் அதன் மூலப்பொருள் சார்க்கண்டு, சத்தீசுகர் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் நம் அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்து ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் அது காய்ந்தும் காயாமல் பிசுபிசுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் பழைய சரக்கு, முழுவதையும் ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்துவிட்டு மீண்டும் போட வேண்டும். லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரை அரக்குச் செதில் போட்டு, அவ்வப்போது புதிதாகக் கரைத்துக்கொள்வதே நல்லது. ஸ்பிரிட்டில் நீர் கலந்திருந்தாலும் வெண்மை படரும்.

ஆனால் உங்கள் கடிதத்திலுள்ள 'ஐப்பசி' என்ற சொல்லே எனக்குப் போதுமானது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழைநாளின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிந்து பூச்சுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. நகத்தின் தடம் பதியாமல் பூச்சு கெட்டியாக இருந்தால் எதையும் உரிக்க வேண்டாம். பொங்கல் கழியும் வரை அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, குளிர்சாதனக் காற்று நேரே படாத இடத்தில் விட்டுவையுங்கள். மாசியில் வறண்ட ஒரு நாளின் முற்பகலில், பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாமலும் நனைத்து, நிற்காமல் நீள வாக்கில் வீசச் சொல்லுங்கள். வெண்மை அப்போதே கலைந்துவிடும். அதன் பிறகு மேல்பூச்சு ஒன்றிரண்டு போதும்.